டிஷ்யூ கல்ச்சர் வாழைன்னா நோய் இல்லாத வாழையா? லேபுல நடக்கிற தவறுகள்

கண்டி, மாத்தளைப் பக்கம் சின்னதா லேப் போட்டு டிஷ்யூ கல்ச்சர்ல, அதாவது குருத்துத் துண்ட போத்தல்ல வளத்துப் பெருக்கி, வாழைக்கன்னு எடுக்கலாம்னு யோசிக்கிற ஆக்கள் மொதல்ல லமினார் ஃப்ளோ (கிருமியில்லாத காத்து வீசுற வேலை மேசை) என்ன வெலன்னுதான் கேப்பாங்க, தாய்மரம் எங்கருந்து எடுக்கப்போறீங்கன்னு கேட்டா பதில் வராது. பெரிய தவறே அங்கதான். கிழங்குல வர்ற கூன்வண்டும் நூற்புழுவும் போத்தலுக்குள்ள வராது, சரி, ஆனா இலையெல்லாம் உச்சியில கொத்தா நிக்க வைக்கிற முடிக்கொத்து வைரஸ் மரத்தோட சாறு ஓடுற வழியிலயே கெடக்கு, குருத்தோட சேந்து அதுவும் உள்ள வந்துரும், கன்னு ஆயிரமானா நோயும் ஆயிரமாகும். இலங்கையில 1913லயே பதிவான நோய் இது, புதுசு ஒண்ணும் இல்ல. வெளிய பாக்க நல்லா இருக்கிற பக்கக்கன்னுலயும் இருக்கலாம், அதனால கண்ணால பாத்து மட்டும் நம்பாம எலைசா இல்லாட்டி பிசிஆர்னு வைரஸக் கண்டுபிடிக்கிற லேப் டெஸ்ட் பண்ணித்தான் எடுக்கணும். கோழிக்கூட்டு மாதிரி நல்லா வெல போற சாதின்னா குலை தள்ளின மரத்தைப் பாத்துக் குறிச்சு வச்சு, அதோட ஈட்டி இலைக்கன்ன (ஒடுங்கின இலையோட வர்ற பக்கக்கன்ன) மழை இல்லாத நாள்ல தோண்டுங்க.

குருத்த வெட்டினதும் கறை கறுத்து மீடியாவும் (போத்தல்ல இருக்கிற சத்துக்கூழ்) கறுக்கும், அதுக்குப் பயந்து கிருமி கொல்ற கிளோரொக்ஸ்ல கூட நேரம் போட்டா குருத்தே செத்துரும். அஸ்கோர்பிக் அசிட்ல நனைச்சு, மொத வாரம் இருட்டுல வச்சு, கறுத்தா உடனே புது மீடியாவுக்கு மாத்துனா போதும். அடியில பால் மாதிரி கலங்குனா உள்ளுக்குள்ள பெக்டீரியா, காப்பாத்தப் பாக்காம போத்தலோட ஓட்டோகிளேவ்ல (அழுத்த நீராவியில கிருமி கொல்ற பாத்திரம்) போட்டு எடுத்துட்டு வீசுங்க.

மீடியாவுக்குப் பிஎச் 5.8, ஓட்டோகிளேவுக்கு 121 டிகிரி, இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சும் பண்ற பேராசை என்னன்னா நல்லா பெருகுதேன்னு கன்னு பெருக வைக்கிற ஹார்மோன் பிஏபிய லீட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல ஏத்தி, எட்டு ரவுண்டு தாண்டியும் கன்னுகளப் பிரிச்சு புது மீடியாவுல வச்சுக்கிட்டே இருக்கிறது, குட்டை மரமும் கோணல் இலையும் தோட்டத்துலதான் தெரியும், அப்ப திட்டு வாங்குறது நீங்கதான். எந்தத் தாய், எத்தனாவது ரவுண்டுன்னு போத்தல்லயே எழுதிருங்க.

வேர் வந்ததும் அதுல ஒட்டின அகார (மீடியாவ இறுக்குற கூழ்) நல்லா கழுவணும், ஒட்டின சீனிலதான் ஃபங்கஸ் புடிக்கும். தும்புத்தூளும் மணலும் கலந்து பொலித்தீன் கூடாரத்துல வச்சு கொஞ்சங் கொஞ்சமா தெறங்க, போத்தல்ல வளந்த இலை தண்ணியப் புடிச்சு வைக்காது. இத நுவரெலியாவுல செய்யாதீங்க, ராத்திரி 10, 12 டிகிரிக்கு எறங்குற எடத்துல கன்னு அப்படியே நின்னுரும், பேராதனை உயரத்துக்கு எறக்கிருங்க. கூடாரத்துக்குப் பக்கத்துல பழைய வாழைப்புதர் இருந்தா அதையும் வெட்டிருங்க, அழுக்கணவன் பூச்சி அங்கருந்துதான் வைரஸக் கொண்டாரும்.