திருவக்கரைக் கல்மரங்களிடையே ஒரு வகுப்பு: நிலவியல் ஆசிரியர்களுக்கான வழிகாட்டி

நிலவியல் பட்டப்படிப்பில் சேரும் மாணவர் பள்ளியிலிருந்து கொண்டுவரும் அறிவியல் முறை பெரும்பாலும் வேதியியல் ஆய்வகத்தின் முறையாகவே இருக்கிறது: கருதுகோள், சோதனை, முடிவு, ஐயம் எழுந்தால் மீண்டும் அதே சோதனை. என்றோ ஓடி வறண்ட ஆற்றை மறுபடி ஓடவிட்டுப் பார்க்க எவராலும் இயலாது. நிலவியலில் சோதனை என்பது, ஒரு விளக்கம் சரியானால் பாறையில் எந்தத் தடயம் இருந்தாக வேண்டும், எது இருக்கவே கூடாது என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டு, அதன்பின் போய்த் தேடுவதாகும். இதை விரிவுரையால் புரியவைக்க முடியாது என்பது என் உறுதியான கருத்து. செய்ய வைத்துத்தான் பழக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு அதற்கென்றே அமைந்தது போன்ற இடம், விழுப்புரம் மாவட்டத்தில் கடலூர் மணற்கல்லில் அமைந்துள்ள திருவக்கரை கல்மரப் பூங்கா.

களப்பயணத்துக்கு முந்தைய வகுப்பில் கல்மரங்கள் எவ்வாறு அங்கு வந்தன என்று சொல்லிவிடாதீர்கள். பூங்காவிலுள்ள தகவல் பலகைகளையும் இறுதியில் படித்தால் போதும். அது பாதுகாக்கப்பட்ட நிலவியல் சின்னம் என்பதால் சுத்தியலைப் பேருந்திலேயே வைத்துவிட வேண்டும். ஒரு சில்லைக்கூட எடுத்துவரக் கூடாது. முதல் ஒரு மணி நேரம் மாணவர்கள் குறிப்பேட்டின் பக்கத்தை நடுவில் கோடிட்டுப் பிரித்து, கண்ணால் கண்டதை இடப்புறமும் அதிலிருந்து தாம் அனுமானித்ததை வலப்புறமும் எழுதட்டும். ஏறக்குறைய எல்லோருமே ‘கல்லாகிப்போன மரம்’ என்று இடப்புறத்தில்தான் எழுதுவார்கள். அங்கேயே நிறுத்தி, அது வலப்புறத்துக்கு உரியது என்பதைப் பொறுமையாக விளக்குங்கள். கண்ணில் படுவது உருளை வடிவம், நீளவாக்கில் ஓடும் நார் போன்ற வரிகள், உடைந்த முகப்பில் தெரியும் அமைப்பு ஆகியவையே. அது மரம்தான் என்பது இவற்றிலிருந்து பெறப்படும் முடிவு. மிக வலுவான முடிவுதான், ஆனாலும் முடிவே. துறையில் கல்மரத்தின் மென்சீவல் (ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாகத் தேய்த்த துண்டு) இருந்தால், சிலிக்கா நிரம்பிய மரச் செல்களை நுண்ணோக்கியில் காட்டி அம்முடிவுக்கு வலுச் சேர்ப்பதைக் கல்லூரிக்குத் திரும்பிய பின் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த கட்டம்தான் பாடத்தின் உயிர்நாடி என்பதால், இதற்கு எவ்வளவு நேரம் ஆனாலும் தகும். அமெரிக்க நிலவியலாளர் சேம்பர்லின், ஒரே விளக்கத்தை வளர்த்துவரும் ஆய்வாளருக்கு அதன்மேல் பெற்ற பிள்ளையிடம் வருவது போன்ற பாசம் வந்துவிடுகிறது என்றும், ஆகவே தொடக்கத்திலிருந்தே பல கருதுகோள்களை ஒருங்கே வைத்துக்கொண்டு ஆராய வேண்டும் என்றும் 1890-இல் எழுதினார். ஒவ்வொரு குழுவும் குறைந்தது மூன்று விளக்கங்களை எழுதட்டும்: மரங்கள் அங்கேயே வளர்ந்து விழுந்த இடத்திலேயே புதைந்தன, ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு வந்தது, கடல் கரை ஒதுக்கியது. பிறகு ஒவ்வொன்றுக்கும் நேராக அதன் எதிர்பார்ப்புகளை எழுத வேண்டும். அங்கேயே வளர்ந்திருந்தால் வேரோடு நிற்கும் அடிமரங்களும் பழைய மண்ணின் அடையாளங்களும் எங்கேனும் இருக்க வேண்டும். வெள்ளம் கொண்டுவந்திருந்தால் வேரும் கிளையும் இழந்த தண்டுகள் மணலுக்கும் கூழாங்கல்லுக்கும் நடுவே படுத்துக் கிடக்க வேண்டும். கடல் என்றால் சிப்பி, சங்கு போன்ற எச்சங்களைத் தேட வேண்டும். இவ்வளவும் மையால் எழுதப்பட்ட பின்னரே மாணவர்கள் மீண்டும் பாறைகளிடையே நடக்கலாம்.

தண்டுகளின் திசையைத் திசைகாட்டியால் அளந்து, எந்தத் திசையில் எத்தனை கிடக்கின்றன என்று காட்டும் வட்ட வடிவ ‘ரோஸ் வரைபடம்’ வரைய வேண்டும் என்ற யோசனை அவர்களிடமிருந்தே வரும். வரவேற்று, இரண்டு கேள்விகளை முன்வையுங்கள். முதலாவது, எந்தத் தண்டுகளை அளப்பது? புரட்டப்பட்டோ நகர்த்தப்பட்டோ இருக்கக்கூடியவற்றை விலக்கி, மணற்கல்லில் இன்னும் பதிந்திருப்பவற்றை மட்டுமே கணக்கில் கொள்ள வேண்டும். இந்த விதியை அளக்கும் முன்பே வகுத்துவிட வேண்டும். இரண்டாவது கேள்வி கடினமானது. தண்டுகள் ஒரே திசையில் கிடப்பதாகவே தெரிந்தாலும், புயலில் சாய்ந்த தோப்பிலும் மரங்கள் ஒரே பக்கமாகத்தானே விழும்? இரண்டு கருதுகோள்களுக்கும் ஒரே விதமாகப் பொருந்தும் சான்று அவற்றுள் எதையும் தேர்ந்தெடுக்க உதவாது. இதை உணரும்போது மாணவர் முகத்தில் தோன்றும் மாற்றத்தைக் காண்பதற்காகவே நான் இப்பயிற்சியை விடாமல் நடத்திவருகிறேன். வேரும் கிளையுமின்றித் தண்டுகள் கிடைமட்டமாகக் கிடப்பதைக் கொண்டே நிலவியலாளர்கள் வெள்ளத்தைக் காரணமாகச் சொல்கிறார்கள் என்பதை மாலையில் தெரிவித்தால் போதுமானது.

வாய்ப்பிருந்தால் அதே பருவத்தில் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூருக்கும் அழைத்துச் செல்லுங்கள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம். எஸ். கிருஷ்ணன் 1940-இல் பதிவுசெய்த, ஏறத்தாழ 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் அங்குள்ளது. திருவக்கரையைப் பார்த்துவந்த மாணவர்கள் தயக்கமின்றி ‘ஆற்று வெள்ளம்’ என்பார்கள். ஆனால் அவ்வட்டாரத்தின் கிரீட்டேசியப் பாறைகள் (டைனோசர் காலத்தின் கடைசிக் கட்டத்தைச் சேர்ந்தவை) கடலில் படிந்தவை. அவற்றில் கிடைப்பவை கடல்வாழ் உயிர்களின் எச்சங்கள். ஓரிடத்தில் பொருந்திய விளக்கத்தை இன்னோரிடத்துக்கு அப்படியே தூக்கிச் செல்லலாகாது என்பதை நீங்கள் சொல்ல வேண்டியிராது.

அடிப்படை அனுமானங்களை வகுப்பறையில் ஆராய, இயற்பியலாளர் கெல்வின் பிரபு பூமியின் வயதைக் கணக்கிட்ட வரலாறு உதவும். உருகிய நிலையிலிருந்து பூமி குளிர்ந்துவருவதாகக் கொண்டு 1862-இல் அவர் 2 கோடி முதல் 40 கோடி ஆண்டுகள் என்றார். 1897-இல் அது 2 முதல் 4 கோடி என்று சுருங்கியது. இன்று நாம் ஏற்பது சுமார் 454 கோடி. பூமிக்குள் வெப்பத்தை உண்டாக்கும் கதிரியக்கம் அவருக்குத் தெரியாததே பிழைக்குக் காரணம் என்று வழக்கமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அவரிடம் உதவியாளராக இருந்த ஜான் பெரி, பூமியின் உட்பகுதி வெப்பத்தை எளிதாகக் கடத்துமானால் வயது பல மடங்கு உயரும் என்று 1895-லேயே காட்டினார். அப்போது கதிரியக்கம் கண்டுபிடிக்கப்படவே இல்லை. கணக்கில் தவறில்லாமலே விடை ஏன் தவறியது என்று கேட்டு, கெல்வினின் அனுமானங்களை மாணவர்களே பட்டியலிடட்டும்.

மதிப்பெண் முறை மாறாவிட்டால் இவை எதுவும் நிலைக்காது. சென்ற ஆண்டு மாணவரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதியதற்கு முழு மதிப்பெண் கிடைக்கும் வரை, வெயிலில் நின்று எவரும் அளக்கப் போவதில்லை. களக் குறிப்பேட்டில் அழிப்பானுக்கு இடமளிக்காமல், தவறிய கணிப்பை ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் காரணத்தை எழுதச் சொல்லி, அந்தக் காரணத்துக்கு மதிப்பெண் ஒதுக்குங்கள். வாய்மொழித் தேர்வில் ஒவ்வொருவரிடமும், ‘எதைக் கண்டால் உங்கள் விளக்கத்தைக் கைவிடுவீர்கள்?’ என்று கேளுங்கள். திட்டவட்டமாகப் பதிலளிக்கும் மாணவரின் முடிவு தவறாகவே இருந்தாலும் அக்கேள்விக்குரிய மதிப்பெண்ணை முழுமையாக வழங்கிவிடலாம்.