எம்பிஏ மார்க்கெட்டிங்: ஸ்பெஷலைசேஷன் எடுக்கும்போது நம்ம ஊர்ப் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எம்பிஏ முதல் ஆண்டு முடிகிற நேரத்தில் கல்லூரியில் ஒரு படிவம் கொடுப்பார்கள். இரண்டாம் ஆண்டில் எந்தெந்த எலெக்டிவ் பாடங்களை எடுக்கப்போகிறீர்கள் என்று அதில் குறித்துக் கொடுக்க வேண்டும். மார்க்கெட்டிங் என்று முடிவு செய்தவர்களுக்கும் வேலை அதோடு முடிவதில்லை. சேல்ஸ் அண்ட் டிஸ்ட்ரிபியூஷன், பிராண்ட் மேனேஜ்மென்ட், நுகர்வோர் நடத்தை, ரீடெயில், சர்வீசஸ், டிஜிட்டல், மார்க்கெட் ரிசர்ச் என்று உள்ளே பல கிளைகள் இருக்கின்றன. பாளையங்கோட்டை, அபிஷேகப்பட்டி, தென்காசி, தூத்துக்குடிப் பக்கம் படிக்கிற பிள்ளைகளில் பலர் அந்தப் படிவத்தை மதியச் சாப்பாட்டு நேரத்தில், பக்கத்தில் இருக்கிற நண்பர் குறித்ததைப் பார்த்து நிரப்பிவிடுகிறார்கள். கேம்பஸ் இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள், முதல் இரண்டு மூன்று வருடம் என்ன வேலை பார்க்கப்போகிறோம் என்பதில் அந்தத் தாளுக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பேசலாம்.

பெயரைப் பார்த்து எடுப்பது

பிராண்ட் மேனேஜ்மென்ட் என்றதும் விளம்பரப் படப்பிடிப்பு, லோகோ, நடிகர்களோடு கூட்டம் என்று ஒரு கற்பனை வந்துவிடுகிறது. உண்மையில் அந்த வேலையின் பெரும்பகுதி எக்செல் ஷீட்டில் நடக்கிறது. எந்த அளவுப் பாக்கெட் எந்த மாவட்டத்தில் போகிறது, விலையை ஒரு ரூபாய் ஏற்றினால் யார் விலகுவார்கள், போட்டிக் கம்பெனி கடைக்காரருக்கு என்ன ஸ்கீம் கொடுக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்தப் பாடம் எதைப் பற்றியது என்று புரிய நம் பக்கத்து உதாரணம் ஒன்று போதும். கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-இலும், உடன்குடி பனங்கருப்பட்டிக்கு 2023-இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயர் இனி ஊருக்குச் சொந்தம். வெளியூரில் செய்துவிட்டுக் கோவில்பட்டி என்று அச்சடிக்க முடியாது. சரி, கோவில்பட்டிக்குள்ளேயே கடலை மிட்டாய் செய்கிற பலர் இருக்கிறார்களே, அவர்களில் ஒருவர் தன் பாக்கெட்டை மட்டும் ஆள் தேடி வந்து கேட்கும்படி செய்வது எப்படி? ஊர்ப் பெயர் எல்லாருக்கும் பொது என்றால் அவருடைய பெயருக்கு என்ன மதிப்பு? இந்தக் கேள்வியை யோசிக்க உங்களுக்குப் பிடித்திருந்தால் பிராண்ட் பாடத்தைத் தாராளமாக எடுக்கலாம். லோகோ வரையத்தான் ஆசை என்றால் அது டிசைன் படிப்பு. அதற்கு வேறு கல்லூரி.

சேல்ஸ் என்றாலே விலகி ஓடுவது

நம் பகுதியில் நடக்கிற தவறுகளில் இதைத்தான் பெரிதாக நினைக்கிறேன். “வெயில்ல பையைத் தூக்கிட்டு அலையவா எம்பிஏ படிக்க வச்சோம்?” என்று வீட்டில் கேட்பார்கள். பிள்ளையும் அதற்குப் பயந்து சேல்ஸ் அண்ட் டிஸ்ட்ரிபியூஷன் பாடத்தை விட்டுவிட்டு வேறு எதையாவது எடுத்துவிடும். ஆனால் கேம்பஸுக்கு வருகிற கம்பெனிகளில் மார்க்கெட்டிங் மாணவர்களுக்கென்று கொண்டுவரும் வேலைகளில் பெரும்பாலானவை சேல்ஸ்தான். பெரிய நுகர்பொருள் நிறுவனங்களில் ஐஐஎம் முடித்துச் சேருகிறவர்களையே முதலில் களத்துக்கு அனுப்புவது வழக்கம். பாடத்தை விட்டதால் வேலை மாறிவிடாது. அதே சேல்ஸ் வேலைக்கு அந்தப் பாடம் தெரியாமல் போய் நிற்பீர்கள், அவ்வளவுதான்.

உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒரு சேல்ஸ் ஆபீசரின் காலை, டிஸ்ட்ரிபியூட்டரின் குடோனில் தொடங்குகிறது. அன்றைய பீட், அதாவது அன்று சுற்ற வேண்டிய பகுதி, திருநெல்வேலிப் பேட்டை என்றால், சேல்ஸ்மேனோடு அங்குள்ள கடைகளை வரிசையாகப் பார்க்க வேண்டும். முதல் கடைக்காரர் போன மாதம் எலி கடித்த பாக்கெட்டுகளை எடுத்துப் போட்டு, “இதுக்கு கிளெய்ம் எப்ப வரும்?” என்பார். அடுத்த கடையில் சரக்கு இருக்கும், ஆனால் கண்ணில் படாத அலமாரியில் இருக்கும். அதற்கடுத்த கடையில் பழைய பாக்கி தீராமல் புது ஆர்டர் எடுக்கவே முடியாது. இதையெல்லாம் பேசித் தீர்த்துவிட்டு ஆர்டரும் எடுக்க வேண்டும்.

இதற்குள் ஒரு முக்கியமான கணக்கு இருக்கிறது. கம்பெனியிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகிற சரக்கைப் பிரைமரி என்பார்கள். டிஸ்ட்ரிபியூட்டரிடமிருந்து கடைகளுக்குப் போவதைச் செகண்டரி என்பார்கள். மாதக் கடைசியில் டார்கெட்டுக்காக டிஸ்ட்ரிபியூட்டரின் தலையில் சரக்கைக் கட்டினால் பிரைமரி எண்ணிக்கை அழகாகத் தெரியும். ஆனால் கடைகளில் சரக்கு நகரவில்லை என்றால் அவர் போட்ட பணம் குடோனில் முடங்கிவிடும், அடுத்த மாதம் உங்கள் போனை எடுக்கமாட்டார். இன்டர்வியூவில் இந்த வித்தியாசத்தை உதாரணத்தோடு சொல்கிற மாணவரைக் கேள்வி கேட்பவர் நிமிர்ந்து பார்ப்பார்.

வேலை கடினம்தான், அதை மறைக்க வேண்டாம். டார்கெட் அழுத்தம் உண்டு, பைக்கில் நிறையச் சுற்ற வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு வீட்டில் தயக்கம் இருந்தால், எந்த ஊர்கள், தினமும் வீடு திரும்ப முடியுமா, தங்க நேர்ந்தால் என்ன ஏற்பாடு என்று கம்பெனியிடம் நேராகவே கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. சூப்பர் மார்க்கெட் போன்ற பெரிய கணக்குகளை மட்டும் பார்க்கிற சேல்ஸ் வேலைகளும் இருக்கின்றன. எதுவானாலும் ஒரு நாள் ஒரு சேல்ஸ்மேனோடு பீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். தெரிந்த டிஸ்ட்ரிபியூட்டர் ஒருவரிடம் கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்.

கணக்கு வராது என்பதால் மார்க்கெட்டிங், மார்க்கெட்டிங்கிலும் டிஜிட்டல்

ஃபைனான்ஸ் கஷ்டம், அதனால் மார்க்கெட்டிங் என்று வருகிறவர்கள் அதிகம். அவர்களில் பாதிப்பேர் இன்ஸ்டாகிராம் தெரியும் என்ற தைரியத்தில் டிஜிட்டலை எடுப்பார்கள். அங்கேதான் கணக்கு கூடுதல்.

டவுனில் ஒரு அல்வாக் கடை ஆன்லைனில் பார்சல் விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஆர்டரில் சரக்குச் செலவும் கூரியரும் போக 90 ரூபாய் நிற்கிறது. விளம்பரத்துக்கு 6,000 ரூபாய் போட்டதில் 50 ஆர்டர் வந்தது. ஓர் ஆர்டருக்கு விளம்பரச் செலவு 120 ரூபாய். அதாவது ஒவ்வொரு ஆர்டருக்கும் 30 ரூபாய் நஷ்டம், மொத்தம் 1,500. “50 ஆர்டர் வந்துச்சு சார்” என்று சந்தோஷப்படுகிறவருக்கு இது தெரியாது. ஆனால் கதை இங்கே முடியவும் இல்லை. அந்த 50 பேரில் 17 பேர் விளம்பரம் இல்லாமலேயே இன்னொரு முறை வாங்கினால் நஷ்டம் ஈடாகிவிடும். அதற்கு மேல் வருகிற ஒவ்வொருவரும் லாபம். அப்படியானால் கடைக்காரர் கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை பேர் திரும்பி வருவார்கள், அவர்களை வரவைக்க என்ன செய்யலாம் என்பது. இந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவருக்கு டிஜிட்டலில் நல்ல இடம் இருக்கிறது.

டூல்களை மட்டும் நம்பிப் படிப்பதும் ஆபத்து. இணையதளத்துக்கு யார் வந்தார்கள், என்ன செய்தார்கள் என்று கணக்கெடுக்கிற கூகுளின் பழைய டூலான யுனிவர்சல் அனலிடிக்ஸ் 2023 ஜூலை 1-ஆம் தேதியோடு புதிய தகவல் சேர்ப்பதை நிறுத்தியது. அதில் எந்த பட்டன் எங்கே இருக்கிறது என்று மனப்பாடம் செய்தவர்கள் அதற்குப் பதிலாக வந்த ஜிஏ4-இல் (கூகுள் அனலிடிக்ஸ் 4) புதிதாகத் தொடங்க வேண்டியதாயிற்று. மேலே போட்ட கணக்கு மட்டும் மாறவில்லை. அப்புறம், சான்றிதழ் கோர்ஸ் என்று ஆயிரக்கணக்கில் பணம் கட்டச் சொன்னால் அவசரப்படாதீர்கள். கூகுளின் ஆன்லைன் பயிற்சித் தளமான ஸ்கில்ஷாப்பில் பயிற்சிகள் இலவசம். ஐஐடி போன்ற நிறுவனங்களின் ஆன்லைன் வகுப்புகளைத் தருகிற என்பிடெல் பாடங்களையும் இலவசமாகப் படிக்கலாம். சான்றிதழ் வேண்டும் என்றால்தான் தேர்வுக் கட்டணம்.

இன்டர்ன்ஷிப்பைக் கடமைக்கு முடிப்பது

இரண்டாம் செமஸ்டருக்குப் பிறகு வருகிற சில வாரங்கள்தான் நம் விருப்பத்தைச் சோதித்துப் பார்க்கக் கிடைக்கிற ஒரே வாய்ப்பு. அதை மாமா கடை லெட்டர்பேடில் ஒரு சான்றிதழ் வாங்கி முடித்துவிடுகிறார்கள். புராஜெக்டும் ஒரே அச்சு: நூறு பேருக்கு கூகுள் ஃபார்ம், அதில் நண்பர்களே பாதி, தலைப்பு “வாடிக்கையாளர் திருப்தி பற்றிய ஆய்வு”, முடிவில் எல்லாரும் திருப்தி.

நம்மைச் சுற்றி உண்மையான கேள்விகள் எவ்வளவோ கிடக்கின்றன. பத்தமடைப் பாயைத் திருமணப் பரிசாக அல்லாமல் வேறு எதற்காக யார் வாங்குகிறார்கள்? கல்லிடைக்குறிச்சி அப்பளத்துக்குச் சென்னைக் கடைகளில் கிடைக்கிற விலையில் செய்கிறவர் கைக்கு வருவது எவ்வளவு? திருநெல்வேலி வண்ணாரப்பேட்டை ஜவுளிக்கடைக்குள் வந்தவர்களில் எத்தனை பேர் எதுவும் வாங்காமல் வெளியே போகிறார்கள், எந்தத் தளத்திலிருந்து? முதல் கேள்வி ரிசர்ச், இரண்டாவது விநியோகம், மூன்றாவது ரீடெயில். ஆறு வாரம் அதிலேயே கிடந்தால், எந்தக் கிளையில் நேரம் போவதே தெரியவில்லை என்பது உங்களுக்கே பிடிபடும். இன்டர்வியூவில் பேசுவதற்கும் சொந்தச் சரக்கு இருக்கும்.

படிவத்தில் கையெழுத்துப் போடும் முன்

இன்னும் சில சின்ன விஷயங்கள். சிலபஸில் பாடம் இருப்பதாலேயே அது உங்கள் கல்லூரியில் நடக்கும் என்று அர்த்தமில்லை. போதிய பேர் சேராவிட்டால் எலெக்டிவை நடத்தமாட்டார்கள். எடுக்க ஆசிரியர் இல்லாமல் வேறு துறைக்காரர் வந்து ஸ்லைடு வாசித்துவிட்டுப் போவதும் உண்டு. யார் எடுக்கப்போகிறார், போன வருடம் யார் எடுத்தார் என்று சீனியர்களிடம் விசாரியுங்கள்.

இரட்டை ஸ்பெஷலைசேஷன் என்றால் பலர் கண்ணை மூடிக்கொண்டு மார்க்கெட்டிங்கோடு எச்ஆர் என்று குறிக்கிறார்கள், சுலபம் என்ற ஒரே காரணத்துக்காக. எச்ஆரில் உண்மையான நாட்டம் இருந்தால் சரி. இல்லையென்றால், வங்கி, இன்சூரன்ஸ் விற்பனைக்குப் போக நினைப்பவருக்கு ஃபைனான்ஸும், விநியோகப் பக்கம் போக நினைப்பவருக்கு ஆபரேஷன்ஸும், டிஜிட்டல் அல்லது ரிசர்ச் பக்கம் போக நினைப்பவருக்கு அனலிடிக்ஸும் துணையாக நிற்கும். கொடுத்த படிவத்தைப் பிறகு மாற்ற முடியுமா, எந்தத் தேதிவரை என்பதையும் துறை அலுவலகத்தில் அன்றைக்கே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.