தோட்ட ஆபீஸ் கணினிகளில் வீஎன்சியை அப்டேட் செய்வது எப்படி?

ஹட்டனில் உட்கார்ந்துகொண்டு மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் உள்ள தோட்ட ஆபீஸ் கணினிகளை வீஎன்சி (தூரத்துக் கணினியின் திரையை இங்கிருந்தே பார்த்து இயக்கும் மென்பொருள்) வழியாகப் பார்த்துக்கொள்பவர்களுக்குத்தான் இது. ஒரு மேசையில் விண்டோஸ் 7, அடுத்த மேசையில் விண்டோஸ் 11, பேக்டரியில் உபுண்டு என்று எல்லாம் கலந்துதான் கிடக்கும். ஒரே நாளில் மாற்றப் பார்க்காதீர்கள். சம்பளக் கணக்குப் போடும் வாரத்தில் தொடவே தொடாதீர்கள்.

முதலில் உங்கள் கணினியில் உள்ள வியூவரை, அதாவது தூரத்துத் திரையைக் காட்டும் பகுதியைப் புதுப்பியுங்கள். இணையும்போதே வீஎன்சி நெறிமுறையின் எந்தப் பதிப்பில் பேசுவது (3.3, 3.7, 3.8) என்று இரண்டு பக்கமும் முடிவுசெய்துகொள்ளும், அதனால் புது வியூவர் பழைய சேர்வரோடு (தோட்டக் கணினியில் ஓடும் பகுதி) பெரும்பாலும் ஒத்துப்போகும்.

அப்புறம் சேர்வர். இங்கேதான் நிதானம் வேண்டும். வீஎன்சி வழியாக உள்ளே போய் அதே வீஎன்சியை அப்டேட் செய்தால், இன்ஸ்டோலர் பழைய சேர்விஸை நிறுத்தும் நொடியில் உங்கள் திரை போய்விடும். அது திரும்ப எழும்பாவிட்டால், மண்சரிவு நேரமானாலும் நீங்கள்தான் பஸ் ஏறிப் போகவேண்டும். ஆகவே இன்னொரு வழியை முன்கூட்டியே திறந்து, உண்மையிலேயே அதில் நுழைந்து பாருங்கள். விண்டோஸ் ப்ரோவில் ரிமோட் டெஸ்க்டொப் இருக்கிறது, ஹோம் பதிப்புக்குள் அப்படி நுழைய முடியாது. உபுண்டுவுக்கு எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து கட்டளை தட்டி இயக்கும் வழி) போதும். விண்டோஸ் 7இல் ரிமோட் டெஸ்க்டொப்பைத் திறக்குமுன் 2019இல் தெரியவந்த புளூகீப் என்ற பாதுகாப்பு ஓட்டைக்கான திருத்தம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 3389 (ரிமோட் டெஸ்க்டொப்), 5900 (வீஎன்சி) போர்ட்களை ரவுட்டரில் வெளியே திறந்துவிடவே கூடாது, வீபிஎன் என்ற பாதுகாப்பான தனி இணைப்பு வழியாக மட்டும் போங்கள். பழைய வீஎன்சி முறையில் பாஸ்வேர்டின் முதல் 8 எழுத்துக்குத்தான் மதிப்பு, திரையில் ஓடுவதும் குறியாக்கம் இல்லாமல்தான் போகும். தொழிலாளரின் சம்பள விபரம் ஓடும் கணினி அது, இதை லேசாக எடுக்கக் கூடாது.

உபுண்டு 22.04இல் திரையைக் காட்டும் அமைப்பாக வழக்கமாக வேலண்ட்தான் ஓடும், எக்ஸ்11வீஎன்சி என்ற வீஎன்சி சேர்வர் அதில் வேலை செய்யாது. லொகின் திரையில் உள்ள பல்சக்கரத்தை அழுத்தி, வேலண்டுக்குப் பதிலாக ஸொர்க்கைத் (Xorg) தெரிவுசெய்யச் சொல்லுங்கள். மெக் இருந்தால் அப்டேட்டுக்குப் பிறகு திரைப்பதிவு அனுமதியைச் சரிபாருங்கள்.

கைக்கெட்டும் தூரத்துக் கணினியில் ஆரம்பித்து, சில நாள் ஓடவிட்டு, தூரத்துத் தோட்டத்தைக் கடைசியில் செய்யுங்கள். கரண்ட் போய்வரும் இடம் என்றால் யூபிஎஸ் இல்லாமல் ஆரம்பிக்க வேண்டாம். கிளாக்கரையாவைப் போனில் வைத்துக்கொண்டே விண்டோஸ் கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, அவர் லொகின் ஆவதற்கு முன்பே உங்கள் வியூவரில் லொகின் திரை வருகிறதா என்று பாருங்கள். வந்தால் சரி, போனை வைக்கலாம்.