வெள்ளத்துல கமாண்ட் போஸ்ட் போடுறப்போ தவிர்க்க வேண்டிய தப்புங்க

2023 டிசம்பர் 17 ராத்திரி பேஞ்ச மழைய நெல்லைக்காரங்க யாராலயும் மறக்க முடியாது, காயல்பட்டினத்துல மட்டும் ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர். மறுநாள் காலைல எங்க தெருக்காரங்க சேந்து ஒரு கல்யாண மண்டபத்துல உதவி மையம் போட்டோம், தகவல் எல்லாம் ஒரே எடத்துக்கு வந்து, அங்க இருந்து முடிவெடுத்து ஆள் அனுப்புறத ராணுவத்துலயும் மீட்புப் பணியிலயும் கமாண்ட் போஸ்ட்னு சொல்லுவாங்கல்லா, அதேதான் சின்ன அளவுல. நாங்க செஞ்ச தப்ப அடுத்தவங்க செஞ்சிரக்கூடாதுன்னுதான் எழுதுதேன்.

மொத தப்பு இடம். ரோட்டுப் பக்கம், வண்டி வர வசதின்னு பாத்தோம், மத்தியானம் மண்டபத்துக்குள்ளயே கணுக்கால் தண்ணி, மேசைய தூக்கி மாடிக்கு மாத்துன ஒரு மணி நேரம் ஒரு போனும் எடுக்கல. 1992 வெள்ளத்த பாத்த பெரியவங்க கிட்ட தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுன்னு மொதல்லயே கேட்டிருக்கணும்.

ரொம்பப் பெரிய தப்பு, யாரு முடிவெடுக்கதுன்னு பேசி வைக்காதது. மாடில மாட்டிக்கிட்ட ஒரு ஆச்சிக்காக மகன் சென்னைல இருந்து, மக துபாய்ல இருந்து, பேரன் மும்பைல இருந்து போன் போட, எங்கள்ல மூணு பேரு தனித்தனியா படகு அனுப்பிட்டோம். ரெண்டாவது படகுக்காரர் திரும்பி வந்து "அண்ணாச்சி, ஆச்சிய அப்பமே கூட்டிட்டுப் போயிட்டாவளே"ன்னாரு, அந்நேரம் அடுத்த தெருவுல மாசமா இருந்த பிள்ளை படகுக்குக் காத்துக்கிட்டு நின்னுச்சு. அத நெனச்சா இன்னைக்கும் மனசு கெடந்து அடிக்குது. தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010ல கொண்டாந்த முறைல பொறுப்பு ஒரே கமாண்டர் கைல, ஒருத்தருக்குக் கீழ அஞ்சு பேர் அளவுலதான் இருக்கணும். கூடவே ஒரு நீள நோட்டு, பென்சில் போதும், மை பேனா எழுத்து நனைஞ்சா அழிஞ்சிரும். மணி, சொன்னது யாரு, தெரு, பக்கத்துல என்ன கோயில், எத்தன பேர், எந்தப் படகு போச்சு, திரும்புச்சா, இத்தனையும் ஒரே வரில எழுதணும்.

சாப்பாட்டு பொட்டலம், லாரி, உதவிக்கு வந்த பசங்க எல்லாத்தையும் உதவி மையத்துலயே குமிக்காதீங்க, கொஞ்சம் தள்ளி தனி இடம் வேணும்.

செல்போன மட்டும் நம்பாதீங்க, டவருக்கு கரண்ட் போனா அதுவும் போச்சு. வாக்கி டாக்கி இல்லன்னா பைக்குல ஆள் அனுப்புங்க. மாவட்ட கன்ட்ரோல் ரூம் நம்பர் 1077, சுவத்துல பெருசா எழுதிருங்க.

ராத்திரி ஆள் மாறும்போது சும்மா எந்திச்சுப் போயிராம, வர்றவங்கள பக்கத்துல உக்கார வச்சு நோட்டுல வேல இன்னும் முடியாத வரிய ஒவ்வொண்ணா விரல் வச்சு வாசிச்சுக் காட்டிட்டுப் போங்க.