மேல்கைத் தொங்கு சதைக்கு ஆபரேஷன்: முன்பும் பின்பும்

உடம்பு நிறைய இளைத்தபின் மேல்கையில் ஆடுவது பெரும்பாலும் வெறும் தோல்தான். டம்பெல் தூக்கினால் உள்ளே தசை தடிக்கும். தொங்கும் தோல் சுருங்காது. அதை வெட்டி எடுப்பதற்குப் பெயர் பிராக்கியோபிளாஸ்டி.

முதலில் கையைப் பக்கவாட்டில் நீட்டி, முழங்கையை மடக்கி, தொங்கும் இடத்தைக் கிள்ளிப் பாருங்கள். கொழுப்பு தடிமனாகப் பிடிபட்டு, விட்டதும் தோல் சட்டென்று திரும்பினால் குழாய் விட்டுக் கொழுப்பை உறிஞ்சும் லைப்போசக்ஷனே போதலாம். பழைய துணிபோல மெல்லிசாக மடிந்து நின்றால் வெட்டுத்தான்.

வெட்டு என்றால் அக்குளிலிருந்து முழங்கை வரை தழும்பு. அது மங்கும், மறையாது. கையின் உட்புறம் வைத்தால் கையைத் தூக்கும்போது தெரியும். பின்புறம் வைத்தால் பின்னால் நிற்பவர் கண்ணில் படும். வழக்கமாகப் போடும் ஜாக்கெட்டைக் கொண்டுபோய், கோடு எங்கே வரும் என்று பேனாவால் வரைந்து காட்டச் சொல்லுங்கள். அக்குளோடு முடியும் சின்ன வெட்டு, லேசான தொய்வுக்கு மட்டும்தான்.

எடை ஆறு மாதமாவது ஏறாமல் இறங்காமல் இருக்கட்டும். சிகரெட்டை முன்னும் பின்னும் 4 வாரம் விடவேண்டும். இல்லாவிட்டால் ரத்த ஓட்டம் குறைந்து தையல் பிரியலாம். ஆஸ்பிரின் மாதிரி மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள். மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் நிணநீர்க் கட்டிகளை எடுத்தவர்கள் அதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். கை நிரந்தரமாக வீங்கும் ஆபத்து அவர்களுக்கு அதிகம்.

ஆபரேஷன் இரண்டு, மூன்று மணி நேரம். ஆசைப்பட்டு அதிகமாக வெட்டிவிட்டால், ஆபரேஷன் நடுவிலேயே கை வீங்கி இரு ஓரங்களும் சேராமல் போகலாம். அதனால்தான் அனுபவஸ்தர்கள் கொஞ்சம் வெட்டி, கொஞ்சம் தைத்து என்றே போவார்கள். முழங்கைக்கு மேலே உட்புறம் ஒரு உணர்வு நரம்பு ரத்தக்குழாயை ஒட்டி ஓடுகிறது. அங்கே கொழுப்பில் ஒரு படலத்தை விட்டுவைக்காவிட்டால் முன்கை மரத்துப்போகலாம். அக்குளைக் குறுக்கே கடக்கும் நேர்த்தழும்பு பின்னாளில் கயிறுபோல் இழுத்துக்கொள்ளும். அதைத் தடுக்கத்தான் அந்த இடத்தில் மட்டும் கோட்டை வளைத்தோ, நெளித்தோ தைக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் தலை வழியாகப் போடும் உடுப்பு வேண்டாம். முன்பக்கம் ஜிப் வைத்த நைட்டி நல்லது. படுக்கும்போது கைகளைத் தலையணைமேல் உயர்த்தி வையுங்கள். இறுக்கு உறையை 4 முதல் 6 வாரம் போடவேண்டும். விரல் மரத்தால் அது மிகவும் இறுக்கம் என்று அர்த்தம். கொடியில் துணி உலர்த்துவது, பரணில் எட்டுவது, தண்ணீர்க்குடம் எதுவும் டாக்டர் அனுமதிக்கும் வரை கூடாது. ஜிம்முக்கு 6 வாரத்துக்குப் பிறகு.

நீர் கட்டுவதும் அக்குள் பக்கம் தையல் சற்றே விடுவதும் அடிக்கடி நடப்பவை, சமாளிக்கலாம். ஆனால் ஒரு கை மட்டும் திடீரென்று வீங்கினாலோ, காய்ச்சலோடு சீழ் வந்தாலோ அன்றே போங்கள். மூச்சுத் திணறினால் நேராக அவசரப் பிரிவுக்கு.

காயம் முழுக்க மூடியபின் சிலிக்கான் பட்டையை தினம் 12 மணி நேரமாவது, மூன்று மாதம் ஒட்டுங்கள். நம் தோலில் தழும்பு தடிப்பது சகஜம். காதுகுத்திய இடத்திலேயே கெலாய்டு (காயத்தைத் தாண்டி வளரும் தடித்த தழும்பு) வந்தவர்கள் கையெழுத்துப் போடுமுன் நன்றாக யோசிக்கட்டும். தழும்பின் சிவப்பு அடங்க ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகும்.