பாம்பனில் ஒரு நண்டை நடக்க வைப்பது எப்படி

முதலில் கணக்கு. பொம்மையைக் கொஞ்சம் நகர்த்தி ஒரு படம், இன்னும் கொஞ்சம் நகர்த்தி இன்னொரு படம். வரிசையாக ஓட்டினால் பொம்மை தானாக நடக்கும். இதுதான் ஸ்டாப் மோஷன். சினிமாவில் நொடிக்கு 24 பிரேம் ஓடுகிறது. இந்த வேலை செய்பவர்கள் பலர் ஒரே படத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தி, நொடிக்கு 12 படத்தில் முடித்துக்கொள்கிறார்கள். நமக்கும் 12 போதும். அப்படியும் பத்து நொடிக்கு 120 படம், ஒரு நிமிடத்துக்கு 720 படம் ஆகிறது. இதைச் சொன்னதும் பாதிப் பிள்ளைகள் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். மீதி இருப்பவர்களுக்குத்தான் இந்தக் குறிப்பு.

பாம்பனில் சின்னதாக ஒரு போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். பள்ளிக்கூட விடுமுறையும் கூடவே வரும். முகூர்த்தம் இல்லாத நாள்களில் அக்கா மகனும் அவன் கூட்டாளிகளும் ஸ்டுடியோவில்தான் கிடப்பார்கள். அவர்களுக்கு முதலில் சொல்வது இதைத்தான்: பொம்மையை அசைப்பது பாதி வேலைகூட இல்லை. மற்ற எதுவும் அசையாமல் பார்த்துக்கொள்வதில்தான் உயிர் போகும்.

அதனால் கடற்கரையில் எடுக்கலாம் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். அலை ஒவ்வொரு படத்திலும் வேறு இடத்தில் இருக்கும், ஓட்டிப் பார்த்தால் கடல் துடிக்கும். நிழல் நகர்ந்துகொண்டே இருக்கும். ஆடி மாதக் கச்சான் காற்றில் காகிதப் படகு ஒரு நொடி நிற்காது. ஒரு அறையைப் பிடியுங்கள். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, கதவுக்குத் தாழ்ப்பாள், மின்விசிறி நிறுத்தம். வியர்க்கும், வேறு வழியில்லை. இரவில் எடுத்தால் வெளி வெளிச்சத் தொல்லையும் இல்லை, புழுக்கமும் கொஞ்சம் குறைவு.

விளக்கு இரண்டு போதும். பக்கவாட்டில் ஒன்று, எதிர்ப்பக்கம் வெள்ளைத் துணியால் மறைத்து இன்னொன்று. மலிவான எல்.இ.டி. பல்பு கண்ணுக்கு நிலையாகத் தெரிந்தாலும் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு நூறு முறை துடிக்கும். ஷட்டரை (ஒரு படத்துக்குள் வெளிச்சம் விழும் நேரம்) 1/50 அல்லது 1/25 நொடியில் வைத்துவிட்டால் எல்லாப் படத்திலும் வெளிச்சம் ஒன்றாக விழும். வோல்டேஜ் ஏறி இறங்கும் நேரத்தில் எடுக்காதீர்கள். இன்னொன்று, சட்டை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மேஜையருகே நின்றால் அதில் பட்ட வெளிச்சம் பொம்மை மேல் விழும். படத்துக்குப் படம் நீங்கள் நிற்கும் இடம் மாறும், பொம்மையும் மினுங்கும். அடர்ந்த நிறத்தில் போடுங்கள், ஒவ்வொரு படத்துக்கும் ஒரே இடத்துக்குத் தள்ளி நில்லுங்கள்.

போனில் கேமராவை ப்ரோ மோடுக்குக் கொண்டுபோய் போகஸ், ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்தை வாங்கும் கூர்மை), ஷட்டர், ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) நான்கையும் கையால் பூட்டுங்கள். தானாக இயங்க விட்டால் நண்டு கொஞ்சம் நகர்ந்ததும் போன் தன் இஷ்டத்துக்கு வெளிச்சத்தை மாற்றும். ஸ்டாப் மோஷன் ஸ்டுடியோ மாதிரி ஒரு செயலி இருந்தால் முந்தைய படம் திரையில் மங்கலாகத் தெரியும், எவ்வளவு நகர்த்தினோம் என்று பார்த்துக்கொள்ளலாம். போனை ட்ரைபாடில் மாட்டி, அதன் காலில் மணல் மூட்டை கட்டுங்கள். சார்ஜர் வயரை ஆரம்பத்திலேயே செருகி டேப் போட்டு ஒட்டிவிடுங்கள், நடுவில் செருகினால் கோணம் மாறிவிடும். ஏரோபிளேன் மோடு கட்டாயம். திரையைத் தொடாமல் படமெடுக்க, வயர் உள்ள இயர்போனின் வால்யூம் பட்டன் பல போன்களில் வேலை செய்யும்.

சரி, பொம்மைக்கு வருவோம். கிளே வேண்டாம் என்பது என் கட்சி. எண்ணெய் சேர்ந்த கிளே நம் மே மாத வெக்கைக்கு இளகி, விரல் ரேகையெல்லாம் வாங்கி, ஒவ்வொரு படத்திலும் ஒரு முகம் காட்டும். இந்தக் கரையில் நண்டு ஓடு இருக்கும்போது கிளே எதற்கு? குழம்பில் வெந்த ஓடு மஞ்சளேறிக் கிடக்கும். வெறும் தண்ணீரில் வேகவைத்து, சதையை ஒரு துளி விடாமல் சுரண்டி, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்து, நிழலில் காய வைத்து, உள்ளும் புறமும் வார்னிஷ் அடியுங்கள். சதை மிச்சமிருந்தால் நாற்றம் வரும், அதற்கு முன்னாலேயே எறும்பு வரும். எறும்பு பிரேமுக்குள் நடக்கும்.

செத்த உயிரின் ஓட்டை வைத்து வேலை செய்வது புதிதும் இல்லை. 1910 வாக்கில் லிதுவேனியாவின் கவுனஸ் நகரில் லாடிஸ்லாஸ் ஸ்டாரெவிச் என்பவர் வண்டுச் சண்டையைப் படமெடுக்கப் பார்த்தார். விளக்கைப் போட்டதும் வண்டுகள் அசையாமல் அடங்கிவிட்டன. செத்த வண்டுகளை எடுத்து, கால்களைக் கம்பியால் பொருத்தி, பிரேம் பிரேமாக நகர்த்தினார்.

நமக்கும் கம்பிதான் கால். கட்டுக்கம்பி வேண்டாம், உப்புக் காற்றில் துருப்பிடித்து ஓட்டில் கறை விடும். அலுமினியக் கம்பி நல்லது. அது கிடைக்காவிட்டால் மோட்டார் காயில் கட்டும் கடையில் செம்புக் கம்பி கேளுங்கள். இரண்டு இழையை முறுக்கிச் சேர்த்தால் வளைத்த இடத்தில் நிற்கும், சீக்கிரம் ஒடியாது. ஓட்டின் உள்ளே எம்-சீல் வைத்துக் கால்களைப் பதியுங்கள். மார்க்கெட் நண்டுக்குக் கடைசி ஜோடிக் கால் தட்டையாகத் துடுப்புப் போல இருக்கும், அது நீந்துவதற்கு. மணலில் ஓடும் சின்ன நண்டை மனதில் வைத்துக்கொண்டு, கொடுக்கு தவிர நான்கு ஜோடிக் கால் வையுங்கள். ஓடு பெரிதாக இருந்தாலும் யாரும் கேட்கப்போவதில்லை.

அடியில் மணல் வேண்டும், ஆனால் உதிரி மணல் கூடாது. விரல் பட்ட தடமெல்லாம் மாறி மாறித் தெரிந்து தரையே கொதிக்கும். பிளைவுட் மேல் தெர்மாகோல் ஒட்டி, அதன் மேல் பெவிகால் பூசி மணலைத் தூவுங்கள். காய்ந்ததும் தட்டி உதறுங்கள்.

இனி நடை. “மாமா, நண்டு நடக்கல, வழுக்குது” என்பான் அக்கா மகன். முதல் தடவை எடுக்கும் எல்லாருக்கும் அப்படித்தான் வரும். காரணம், உடம்பை நகர்த்தும்போது எல்லாக் கால்களும் சேர்ந்து நகர்கின்றன. நண்டு அப்படி நடப்பதில்லை. வலப்பக்கம் 1, 3 கால்களும் இடப்பக்கம் 2, 4 கால்களும் ஒரு கூட்டு, மற்ற நான்கும் இன்னொரு கூட்டு. ஒரு கூட்டு மண்ணில் ஊன்றியிருக்கும், மற்றது காற்றில். நீங்களே குழம்பாமல் இருக்க, ஒரு கூட்டின் வேரில் சிவப்பு மையால் புள்ளி வையுங்கள்.

கணக்கு இப்படி: ஒவ்வொரு படத்துக்கும் உடம்பு பக்கவாட்டில் 3 மி.மீ., தூக்கிய கால் 6 மி.மீ., ஊன்றிய கால் பூஜ்ஜியம். அந்தப் பூஜ்ஜியத்தில்தான் நடையே இருக்கிறது. ஊன்றிய காலின் நுனியை தெர்மாகோலில் குண்டூசியால் குத்தி வைத்துவிட்டு, உடம்பை மட்டும் தள்ளுங்கள். போகிற பக்கத்துக் கால்கள் மடங்கும், பின்னால் விடுகிற பக்கத்துக் கால்கள் நீளும். நான்கு படம் முடிந்ததும் கூட்டை மாற்றுங்கள். ஓட வேண்டுமானால் உடம்பு 6, தூக்கிய கால் 12, இரண்டு படத்துக்கு ஒருமுறை கூட்டு மாற்றம். ஓடுவதற்கு முன் ஐந்தாறு படம் அசையாமல் நிறுத்தி, எதிர்ப்பக்கம் 1 மி.மீ. பின்வாங்கி, சட்டென்று கிளப்புங்கள். நிற்கும்போதும் மெதுவாக வேண்டாம், அப்படியே நிற்கட்டும். நண்டுக்கு எடை இல்லை, அதனால் தயக்கமும் இல்லை.

எடை உள்ள பொருளை எடுத்தால்தான் இந்த வித்தியாசம் பிடிபடும். எங்கள் ஊரில் அதற்கு ஆள் தேட வேண்டியதில்லை. 1914-இல் திறந்த பழைய ரயில் பாலம் கப்பல் வந்தால் நடுவில் இரண்டு கதவாகப் பிரிந்து எழுந்துகொண்டிருந்தது. 2025 ஏப்ரல் 6-இல் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு நேராக 17 மீட்டர் மேலே போகிறது. மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்து அட்டையில் செய்தால் 72.5 செ.மீ. பாலம், 17 செ.மீ. எழும்ப வேண்டும். தூண்டில் நரம்பில் தொங்கவிட்டு இழுக்காதீர்கள், ஆடும். இரண்டு கோபுரத்துக்குப் பின்னாலும் கேமராவுக்குத் தெரியாமல், தூக்கும் துண்டின் அடியில் அட்டை வில்லைகளை அடுக்கிக்கொண்டே போங்கள். பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, ஸ்கேல் வைத்து அளந்து, 1 மி.மீ. கனத்தில் ஒட்டிக்கொள்ளலாம். முதல் 6 படத்துக்கு ஒவ்வொரு வில்லை, நடுவில் 79 படத்துக்கு இரண்டிரண்டு, கடைசி 6 படத்துக்கு மறுபடி ஒவ்வொன்று. மொத்தம் 91 படம், சுமார் ஏழரை நொடி. அந்த முதல் ஆறு படத்தை விட்டுவிட்டால் பாலம் அட்டையாகத்தான் தெரியும்.

பறக்கும் பறவைக்குத் தூண்டில் நரம்பு சரி. கறுப்பு மார்க்கரால் நரம்பைத் தேய்த்துவிட்டால் விளக்கில் மின்னாது. காற்றில் சுழலாமல் இருக்க இரண்டு இடத்தில் கட்டுங்கள்.

சத்தத்தைக் கடைசியில் சேர்க்கலாம். காய்ந்த பனை ஓலையை நகத்தால் தட்டினால் நண்டுக் கால் ஓசை அச்சாக வரும். பாலத்துக்குக் கிணற்றுக் கப்பியைப் பதிவு செய்யுங்கள். அலையோசை வேண்டுமானால் போனைக் கடலுக்கு நேராக நீட்டாமல், மைக் மேல் தடித்த துணி சுற்றி, கரையில் கிடக்கும் படகின் மறைவில் உட்கார்ந்து பிடியுங்கள். இல்லாவிட்டால் காற்றின் இரைச்சல்தான் பதிவாகும்.