சைரன் வழி கேட்கும், பிரேக் பிடிக்காது: அவசர வண்டி ஓட்டப் போகிறவர்களுக்கு

மணி அடித்ததும் ஓடி வந்து தீயணைப்பு வண்டியில் ஏறுகிறீர்கள். சரி, சாவியைத் திருப்புவதற்கு முன் ஒருமுறை நன்றாக மூச்சு விட்டுக்கொள்ளுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் நெஞ்சு படபடக்கும், கால் தானாக ஆக்சிலேட்டரை அழுத்தும், சைரனும் கூடச் சேர்ந்துவிட்டால் என்ன வேகத்தில் போகிறோம் என்பதே மனதில் பதியாது. எனக்கும் ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது. பக்கத்து சீட்டில் வந்த மூத்தவர் ஒருவர், நான் வேகம் எடுக்கும்போதெல்லாம் "தீ எங்கேயும் ஓடிப்போகாது, நாமதான் போய்ச் சேரணும்" என்று முணுமுணுத்துக்கொண்டே வருவார்.

கணக்கையும் பார்த்துவிடலாம். 5 கிலோமீட்டர் போக வேண்டும். 60 கிலோமீட்டர் வேகத்தில் 5 நிமிடம், 80-இல் 3 நிமிடம் 45 நொடி. மிச்சம் 75 நொடி, அதுவும் வழியில் ஒரு சிக்னலோ வளைவோ இல்லாமல் இருந்தால்தான். ஆனால் 60-இல் பிரேக் பிடித்து நிற்க ஆகும் தூரத்தைவிட 80-இல் முக்கால் பங்குக்கும் மேல் கூடுதலாகத் தேவைப்படும். ஏர் பிரேக் வண்டி என்றால் மிதித்த உடனே பிடிக்காது, காற்று போய்ச் சேர வேண்டும். அதற்கு அரை நொடி என்று வைத்துக்கொண்டாலும் 60-இல் 8 மீட்டர் சும்மாவே ஓடியிருக்கும். அந்த 75 நொடியைக் கிளம்பும் இடத்திலேயே பிடித்துவிடலாம்: பூட்ஸும் கோட்டும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும், வழி எது என்று ஏறும்போதே பேசி முடித்துவிடுங்கள். எல்லோரும் உட்கார்ந்து பெல்ட் போட்டாயிற்று என்று சத்தமாகச் சொன்ன பிறகுதான் சக்கரம் உருள வேண்டும். ஓடுகிற வண்டியில் நின்றுகொண்டு உடை மாட்டுகிறவர் இருந்தால் வண்டியை ஓரமாக நிறுத்துங்கள்.

அடுத்தது தண்ணீர். 4,500 லிட்டர் டேங்க் என்றால் நாலரை டன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. நிறைகுடம் தளும்பாது என்பது இங்கே அப்படியே உண்மை. பாதி டேங்க்தான் ஆபத்து. வளைவில் தண்ணீர் மொத்தமும் ஒரு பக்கமாகச் சாயும், பிரேக் போட்டால் முன்னால் வந்து வண்டியைத் தள்ளும். உள்ளே தடுப்புத் தகடுகள் இருக்கும்தான், அவை அலையைக் குறைக்குமே தவிர நிறுத்தாது. முடிந்தவரை டேங்க் முழுக்க நிறைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் முழுக்கக் காலியாக இருக்க வேண்டும். வளைவுக்குள் போன பிறகு பிரேக்கைத் தேடாதீர்கள், நேர்ச் சாலையிலேயே வேகத்தைக் குறைத்துவிட்டு உள்ளே நுழையுங்கள்.

டேங்கர்கள் கவிழ்வது பெரும்பாலும் எப்படித் தெரியுமா? ஓரத்துச் சக்கரம் தாரை விட்டு மண்ணில் இறங்கும். பயத்தில் கை ஸ்டியரிங்கைச் சட்டென்று ஒடிக்கும். தார் விளிம்பில் உரசிக்கொண்டிருந்த டயர் திடீரென்று மேலே ஏறும், வண்டி எதிர்ப்பக்கம் பாயும், அதைத் திருப்ப மறுபடி ஒடிப்பீர்கள், அவ்வளவுதான். சக்கரம் இறங்கிவிட்டதா, இறங்கினபடியே இருக்கட்டும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள், பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு வேகம் நன்றாகக் குறைந்த பிறகு மெதுவாக மேலே ஏற்றுங்கள். இதைக் காலி மைதானத்தில், மெதுவான வேகத்தில் பழகிப் பாருங்கள், சும்மா படித்தால் கைக்கு வராது.

இனி சந்திப்புகள். என்னைக் கேட்டால் இந்த வேலையில் பாதி அங்கேதான் இருக்கிறது. சிவப்பு விளக்கில் போக உங்களுக்கு அனுமதி இருக்கலாம், ஆனால் குறுக்கே வருகிறவருக்குப் பச்சை எரிகிறது. அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியும் பாட்டும் போட்டுக்கொண்டு வருகிறார். நீங்கள் வேகமாகப் போகப் போக சைரன் அவரை எட்டுவதற்கும் நீங்கள் எட்டுவதற்கும் நடுவே இருக்கும் நேரம் சுருங்கிக்கொண்டே போகும். இரண்டு பக்கமும் கட்டடம் இருந்தால் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பும், எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. அதனால் சந்திப்புக்கு முன்பே சைரன் தொனியை மாற்றுங்கள், சிவப்பு என்றால் முழுசாக நில்லுங்கள், அப்புறம் ஒவ்வொரு லேனாகக் கடந்து போங்கள். முதல் லேனில் பஸ் நின்று வழிவிடுகிறது என்பதற்காக மொத்தச் சாலையும் நின்றுவிட்டதாக நினைக்காதீர்கள், அந்த பஸ்ஸின் மறைவிலிருந்துதான் பைக் வரும்.

இரண்டு வண்டிகள் சேர்ந்து போனால் பின்னால் வருகிறவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். முதல் வண்டி போனதும் "போயாச்சு" என்று ஜனங்கள் சாலைக்குள் வந்துவிடுவார்கள். நல்ல இடைவெளி விடுங்கள், முன்வண்டியின் சைரன் தொனியையே நீங்களும் போடாதீர்கள்.

இன்னொன்று, இதைப் பலர் செய்வதில்லை. முன்னால் எல்லா லேனும் சிவப்பில் அடைத்துக்கொண்டு நிற்கிறது, ஒதுங்கவும் இடமில்லை என்றால், கொஞ்சம் தள்ளியே நின்று சைரனை அணைத்துவிடுங்கள். அலறவிட்டுக்கொண்டே இருந்தால் யாராவது ஒருவர் பதறி சிக்னலைத் தாண்டிக் குறுக்குப் போக்குவரத்தில் போய் மாட்டுவார். பச்சை விழுந்ததும் மறுபடி போடலாம்.

ஆம்புலன்ஸ் என்றால் பின்னால் ஒருவர் நின்றபடி நோயாளியின் நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்கக்கூடும் என்பதை மறக்காதீர்கள். வேகத்தடை, திருப்பம், பிரேக் எதுவானாலும் முன்கூட்டியே குரல் கொடுங்கள்.

இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் எங்கே நிறுத்துகிறோம் என்பதும் ஓட்டுவதில் சேர்ந்ததுதான். சாலை விபத்து என்றால் பெரிய வண்டியை, போக்குவரத்து வரும் பக்கம் சற்றுக் குறுக்காக நிறுத்தி ஆட்களுக்குத் தடுப்பாக்குங்கள். முன்சக்கரங்கள் ஆட்கள் வேலை செய்யும் பக்கத்தை விட்டுத் திரும்பியிருக்க வேண்டும், யாராவது பின்னால் வந்து மோதினாலும் வண்டி அவர்கள் மேல் போய்விடக் கூடாது. டயருக்குக் கட்டை கொடுங்கள். இரவில் எதிரே வருகிறவர் கண் கூசினால் ஆட்களே தெரியமாட்டார்கள், ஹெட்லைட்டை அணைத்துவிடுங்கள். ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் ஒருவர் நின்று கை காட்டட்டும், அவர் கண்ணாடியில் தெரியாத நொடியே நின்றுவிடுங்கள்.

திரும்பும்போது எல்லோரும் களைத்திருப்பார்கள், உங்களையும் சேர்த்துத்தான். கிளம்பும் முன் வண்டியை ஒரு சுற்று நடந்து பாருங்கள்: அறைக் கதவுகள் மூடியிருக்கின்றனவா, ஏணி கட்டியிருக்கிறதா, பம்பை இன்ஜினிலிருந்து விடுவித்தாயிற்றா, கட்டையை எடுத்தாயிற்றா, ஹோஸ் நுனி எங்காவது தொங்குகிறதா. டேங்கில் மிச்சத் தண்ணீர் பாதியளவு இருந்தால், நிரப்ப வழி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஸ்டேஷன் வரை நிதானமாகவே ஓட்டுங்கள்.